மடங்கத் தெரிந்த கத்தி



ஒரு பொருளுக்கு மக்கள் இட்ட பெயர் சில வேளைகளில் அப்பொருளின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது. சட்டைப்பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் இதனைப் பேனாக்கத்தி என்பர். ஈழத்தில் நம் முன்னோர் வில்லுக்கத்தி என்றனர். பேனாக்கத்தி என்ற பெயர் அது செய்த வேலையைச் சொல்கிறது. வில்லுக்கத்தி என்ற பெயர் அது இயங்கும் விதத்தைச் சொல்கிறது. இவ்விரு பெயர்களையும் துணையாகக் கொண்டு, இந்தச் சிறு கருவி ஏன் இத்தனை காலம் மனிதனின் கூடவே வந்தது என்று இன்று பார்க்கலாம்.

முதலில் வில். இங்கே வில் என்பது அம்பு எய்யும் வில் அன்று. வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்கு மீளும் உருக்கையும் நாம் வில் என்றே சொல்கிறோம். பாடசாலை விஞ்ஞானகூடத்தில் தொங்கும் விற்றராசை நினைத்துக்கொள்ளுங்கள். மடக்குக்கத்தியின் முதுகுப் பக்கத்தில், பிடியின் இரு தகடுகளுக்கும் நடுவே, இத்தகைய ஓர் உருக்குத் துண்டு இருக்கிறது. அது எந்நேரமும் அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். அலகை நகத்தால் நெம்பி விரிக்கும்போது முதலில் எதிர்க்கும். பிறகு 'டக்' என்ற ஓசையுடன் அலகு தன் இடத்திற்குப் போய் நின்றுவிடும். மடக்கும்போதும் அதே எதிர்ப்பு, அதே ஓசை. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. விரிந்தபோது மடங்காமலும், மடங்கியபோது விரியாமலும் அலகைக் காப்பது அந்த ஒரு வில்தான்.

கத்தியை மடக்கும் யோசனை மிகப் பழையது. ஒஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் எலும்புப் பிடியுடைய மடக்குக்கத்தியொன்று கிடைத்துள்ளது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 600க்கும் 500க்கும் இடைப்பட்டதென்பர். உரோமர்களிடமும் மடக்குக்கத்திகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் நகரின் பிட்ஸ்வில்லியம் நூதனசாலையில் வெள்ளியாற் செய்த உரோமர் காலக் கருவியொன்று இருக்கிறது. கரண்டி, முட்கரண்டி, முள், இரும்பு அலகு எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்குகின்றன. இக்காலப் பயணிகள் விரும்பி வாங்கும் பலநோக்குக் கத்தியின் பாட்டன் என்று அதனைச் சொல்லலாம்.

ஆயினும் முதுகு வில்லைப் பொருத்திய கத்தி பெருகியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் அதற்குப் பேர்போன இடம். அந்நகரின் ஜோசப் றொட்ஜர்ஸ் நிறுவனம் தன் அலகுகளில் பொறித்த நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரை 1682இல் பதிவானது. அந்த முத்திரை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இங்கே சிங்கள மக்களிடையே 'றொட்ஜர்ஸ்' என்ற பெயர் திரிந்து, எந்தப் பொருளாயினும் அது முதல்தரமானது என்று சொல்லும் அடைமொழியாகவே ஆகிவிட்டதென ஷெபீல்ட் வரலாற்றை எழுதுவோர் பெருமையாகச் சொல்வதுண்டு. நம் காட்டு மரையின் இனத்தைச் சேர்ந்த இந்தியக் கடமானின் கொம்பு கப்பலேறிப் போய் அந்தக் கத்திகளுக்குப் பிடியானது. போன கொம்பு கத்தியாகத் திரும்பி வந்து நம் கடைகளில் விலைப்பட்டது. குடியேற்ற காலத்து வாணிபத்தின் கதை ஒரு சாண் நீளமுமில்லாத பொருளுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பளபளப்புக்குப் பின்னே இருந்த துயரையும் சொல்லத்தான் வேண்டும். சாணைக்கல்லின் தூசியைச் சுவாசித்த ஷெபீல்ட் தொழிலாளர் நுரையீரல் நோயால் இளவயதிலேயே மடிந்தனர். 19ஆம் நூற்றாண்டில் உலர்ந்த கல்லிலே முட்கரண்டி தீட்டியவர்களிற் பலர் முப்பது வயதைத் தாண்டியதில்லை. கூர்மை இலவசமாகக் கிடைத்ததன்று.

இனி நமது திருகோணமலைக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வாயிலே சீனன்குடா இருக்கிறது. 1920களிலும் 30களிலும் பிரித்தானியர் தம் கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்துவைக்க அங்கே பென்னம்பெரிய தாங்கிகளைக் கட்டினார்கள். காட்டுக்குள்ளே இருமருங்கும் நிற்கும் அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். பக்கத்திலே விமானத்தளம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானியப் போர்விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது ஒரு விமானம் மோதி, தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. கிழக்குக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. 1944இன் தொடக்கத்தில் அது மீண்டும் திருகோணமலைக்கு வந்தபோது, அமெரிக்காவின் சரட்டோகா விமானந்தாங்கியும் பிரான்சின் ரிஷெலியூ போர்க்கப்பலும் சில மாதங்கள் துணைக்கு வந்தன.

பீரங்கிகளையும் விமானங்களையும் பற்றி நூல்கள் எழுதப்பட்டுவிட்டன. அந்தக் கப்பல்களில் இருந்த சாதாரண மாலுமியின் சொந்தக் கருவியைப் பற்றி எழுதியவர் குறைவு. அது ஒரு மடக்குக்கத்தி. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு அதனைக் கொடுத்தது. அவர்கள் அதனை வெண்ணிறக் கயிற்றிலே கோத்து அணிந்தார்கள். அக்கத்தியிலே இரண்டு உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அலகு. அதன் நுனி கூராக இராது, ஆட்டுக்குளம்பு போல மழுங்கியிருக்கும். கப்பல் ஆடும்போது கை தவறிக் குத்திவிடக் கூடாது. கோபத்திலே மாலுமிகள் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளவும் கூடாது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. மற்றது, பிடியின் முதுகிலே மடங்கிக் கிடக்கும் தடித்த முள். நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்கவும், கயிற்றின் புரிகளைப் பிரித்து இன்னொரு கயிற்றோடு பின்னவும் அது உதவும். உலகத்தைச் சுடும் பீரங்கிகளைச் சுமந்த கப்பலிலே, மாலுமியின் கையிலிருந்த கத்திக்கு மட்டும் குத்தாத நுனி! இந்த முரணை எண்ணிப் பார்க்கும்தோறும் வியப்புத்தான்.

1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. கப்பல்கள் போய்விட்டன. மடக்குக்கத்தி போகவில்லை. அது கடற்படைக்கு மட்டும் உரிய பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. வலையின் அறுந்த கண்ணைக் கட்டும் மீனவனுக்கும், ஒட்டுமாங்கன்று கட்டும் தோட்டக்காரனுக்கும், பாக்குச் சீவும் கிழவருக்கும், மாங்காயை வெட்டி உப்புத்தூளோடு பங்கிடும் பொடியன்களுக்கும் அது வேண்டியிருந்தது.

இரண்டாவது பெயரான பேனாக்கத்திக்கு வருவோம். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக வாத்தின் இறகினால் எழுதினர். இறகின் நுனி எழுத எழுதத் தேயும். அதைச் சீவிக் கூராக்க, மேசையிலோ சட்டைப்பையிலோ ஒரு சிறு கத்தி வேண்டும். அதுதான் பேனாக்கத்தி. 1820களிலும் 30களிலும் பேர்மிங்காம் நகரின் இயந்திரங்கள் உருக்குப் பேனாமுனைகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியதும் இறகு ஒழிந்தது. கத்தியோ ஒழியாமல் பென்சில் சீவப் போய்விட்டது. பெயரும் அதனோடு தங்கிவிட்டது.

இது அவர்களுடைய கதை மட்டுமென்று எண்ண வேண்டாம். எழுத்தையும் கத்தியையும் ஒரே பிடியில் இணைத்தவர்களில் தமிழரும் உண்டு. உ.வே.சாமிநாதையர் ஏட்டுக் கல்வியைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று எழுத்தாணி வகைகளை எடுத்துரைக்கிறார். பனையோலையில் எழுதுமுன் அதன் ஓரத்தை வாரி ஒழுங்காக்க வேண்டும். அதற்குக் கத்தி. பிறகு எழுத்தைக் கீற வேண்டும். அதற்கு ஆணி. மடக்கெழுத்தாணியிலே கத்தியும் ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். ஊர் ஊராகச் சென்று ஏடு எழுதிய புலவனுக்கு இதைவிட வசதியான துணை வேறு என்ன இருந்திருக்கும்?

சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார் என்றால், திருகோணமலையிலே பிறந்த தி.த.கனகசுந்தரம்பிள்ளை ஏடுகளோடு ஆயுளைக் கழித்தார் என்றால், அந்த ஏடுகளெல்லாம் முதலில் ஏதோவொரு கத்தியால் வாரப்பட்டவைதாம். அச்சு வந்ததும் மடக்கெழுத்தாணி நூதனசாலைக்குப் போயிற்று. ஆனால் அதனுள் இருந்த கருத்து, அதாவது கற்றவன் தன் கூர்மையை மடக்கி மடியிலே வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து, நமக்குப் பழக்கமானதே. அடக்கம் என்ற சொல்லிலே உள்ளடங்குதலும் பணிவும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்த அடக்கந்தான் மடக்குக்கத்தியின் கவர்ச்சிக்கு அடிப்படை என்பது என் கருத்து. வெட்டும் திறத்திலே அது உறைக்கத்தியை வெல்லாது. பலத்திலே நம் காட்டுக்கத்தியின் கிட்டவும் வராது. ஆனால் காட்டுக்கத்தியோடு கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ கச்சேரிக்கோ எவரும் போவதில்லை. மடக்குக்கத்தி அங்கெல்லாம் வரும். வந்தது எவருக்கும் தெரியாது. மாலை கட்டிய நூலை அறுக்க ஒருவர் தேடும்போது மட்டும் வெளியே வரும். மற்றவர்களை அச்சுறுத்தாமல் மனிதரிடையே கொண்டு திரியக்கூடிய அலகு அது ஒன்றே. பிறகு அதன் ஆயுள். கல்லிலே தீட்டலாம், ஆணி தளர்ந்தால் தட்டி இறுக்கலாம். தகப்பன் பாவித்ததை மகன் பாவிக்கலாம். தீட்டித் தீட்டி மெலிந்த அலகே அதன் உழைப்புக்குச் சாட்சி.

உலகின் பல மூலைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்தகைய மலிவான கத்திகள் தோன்றின. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் மரப்பிடிக் கத்தியொன்றைச் செய்தார். சுவிற்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1891இல் படைவீரருக்குக் கத்தி வழங்கத் தொடங்கி, 1897இல் புகழ்பெற்ற சிவப்புக் கத்தியின் முன்னோடியைப் பதிவுசெய்தார். ஜப்பானின் மிக்கி நகரில் அதே பதிற்றாண்டில் 'ஹிகோனோகாமி' பிறந்தது. அதற்கு வில்லும் இல்லை. ஒரு தகட்டை மடித்த பிடி, அலகு, ஓர் ஆணி, அவ்வளவே. சீனன்குடாவுக்குக் குண்டோடு வந்த நாட்டின் பாடசாலைப் பிள்ளைகள் அந்தக் கத்தியால்தான் பென்சில் சீவினார்கள்.

அதன் கதையின் பிற்பகுதி நம் கவனத்துக்குரியது. 1960 ஒக்டோபர் 12ஆம் நாள் ஜப்பானிய சோசலிசத் தலைவர் அசனுமா மேடையிலேயே பதினேழு வயது இளைஞனொருவனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது குறுவாள், மடக்குக்கத்தி அன்று. எனினும் பிள்ளைகளின் கையில் எந்த அலகும் கூடாதென்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பென்சில் சீவும் இயந்திரமும் பரவியது. ஹிகோனோகாமி செய்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குறுவாள் செய்த குற்றத்துக்கு மடக்குக்கத்தி தண்டனை பெற்றது.

நமது மண்ணிலும் இதுவே நிகழ்ந்தது. 1983க்குப் பின் நீண்ட போர் ஆண்டுகளில் திருகோணமலையிலிருந்து சீனன்குடாவைக் கடந்து செல்லும் வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. பேருந்திலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டிய ஒரு தமிழ் இளைஞன் வில்லுக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுவானா? 'பாக்குச் சீவ' என்று அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? தாய்மார் பிள்ளைகளின் பையைத் துழாவிக் கத்தியை எடுத்து வீட்டிலே வைத்தார்கள். சட்டம் தடுத்ததோ இல்லையோ, சந்தேகம் தடுத்தது. பெரும் ஆயுதங்கள் தெருவெங்கும் திரிந்த காலத்திலே, எவருக்கும் தீங்கு செய்யாத இந்தச் சிறு கருவிதான் முதலில் ஒளிந்துகொண்டது.

2001 செப்டெம்பர் 11க்குப் பின் விமானப் பயணிகளும் இதே பாடத்தைக் கற்றார்கள். தந்தையார் விட்டுச்சென்ற கத்தி என்றாலும் விமானத்தின் வாயிலிலே அது கைவிடப்பட வேண்டியதே.

எனவே மடக்குக்கத்தியின் வரலாறு ஒருவகையில் நம்பிக்கையின் வரலாறு. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பும் ஊரிலே அது கருவி. நம்பிக்கை கெட்ட ஊரிலே அதே பொருள் ஆயுதம். அலகு மாறுவதில்லை, பார்க்கும் கண்தான் மாறுகிறது. நம் பெரியோர் கத்தியைக் கையிலே கொடுக்கமாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைப் பரிசளித்தால் பதிலுக்கு ஒரு நாணயம் பெறவேண்டும், இல்லாவிடில் நட்பு அறுந்துவிடும் என்று ஐரோப்பியர் சொல்வார்கள். இரு மக்களும் அஞ்சியது ஒன்றையே.

2009இல் போர் முடிந்தது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ளே நிற்கின்றன. அவற்றுக்கு யார் உரியவர் என்று அரசுகள் பேசிவந்தன. சந்தைக் கடைகளிலே மலிவான மடக்குக்கத்திகள் மீண்டும் தொங்குகின்றன. அவற்றின் உருக்குப் பழையதைப் போல் இல்லையென முதியவர்கள் குறை சொல்லலாம். அது பெரிய குறையன்று. ஒரு பிள்ளை அதை வாங்கி, வில்லின் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து, சட்டைப்பையிலே போட்டுக்கொண்டு, எவருக்கும் விளக்கம் சொல்லாமல் வீடுவரை நடந்து போக முடிந்தால், அந்த ஊர் நலமாக இருக்கிறது என்று பொருள்.