வெல்லமும் முண்டாசும்: திருவள்ளூர்க்காரர்களின் சருமக் கதை

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கையில் வெல்லக்கட்டியோடு வருபவர்களைப் பார்க்கலாம். மரு, பாலுண்ணி, ஆறாத சொறி என்று உடம்பில் எது வந்தாலும், ‘ஹிருத்தாபநாசினி’ என்னும் கோயில் குளத்தில் வெல்லமும் பாலும் சேர்ப்பதாக வேண்டிக்கொள்வது இந்த வட்டாரத்து வழக்கம். தண்ணீரில் வெல்லம் கரைவதுபோல மருவும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. பெருமாளுக்கே இங்கே வைத்திய வீரராகவர் என்றுதான் பெயர். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், திருவள்ளூர் வழியாகத்தான் போனது. தை அமாவாசைக்கு வரும் கூட்டத்துக்கு அந்தப் பாதை பெரிய வசதியாகிவிட்டது.

கோயிலுக்குப் போவது நோய் வந்த பிறகு. வருமுன் காக்கும் வேலையை வாரக் கிழமைகள் பார்த்துக்கொண்டன. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறவிடுவார்கள். எண்ணெய் போகச் சீயக்காய், உடம்புக்கு நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் மொட்டை மாடியில் காய்ந்து மில்லுக்குப் போகும். சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துப் போக வேண்டும். சாப்பாட்டு மாவு அரைக்கும் இயந்திரத்தில் அதைப் போட யாரும் விடமாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தில் அறிவு இருக்கிறது. எண்ணெய்ப் பூச்சு தோலின் ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. காரம் மிகுந்த சோப்பைவிடப் பயத்தம் மாவு தோலுக்கு மென்மையானது. ஆனால், முகத்தில் சுருக்கமும் திட்டும் விழ முதல் காரணம் வெயில். அதைத் தடுக்கும் வலு நல்லெண்ணெய்க்கும் இல்லை, மஞ்சளுக்கும் இல்லை.

தடுத்தது துணிதான். திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிப் பக்கம் நாற்று நடும் பெண்கள் புடவைமேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சும்மாடுபோலச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். அத்திப்பட்டு உப்பளங்களில் மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று பாத்தியின் வெள்ளைப் பரப்பிலிருந்தும் வெளிச்சம் முகத்தில் எகிறும். அங்கே முண்டாசு இல்லாமல் நிற்க முடியாது. அழகுக் குறிப்பு என்று யாரும் எழுதிவைக்காத இந்த வழக்கம்தான், இந்த மண்ணின் ஆகச்சிறந்த சருமப் பராமரிப்பு என்று சொல்ல வேண்டும்.

உழைப்பாளியின் தோலைக் கவனித்துப் பிறந்த பொருளும் ஒன்று உண்டு. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி. பி. சித்தன், தொழிலாளர்கள் தோல் தொல்லையோடு தன்னிடம் வருவதைப் பார்த்து, குடும்ப வைத்தியமுறையில் 18 மூலிகைகள் சேர்த்து 1969இல் செய்த சோப்புதான் மெடிமிக்ஸ். நோக்கம் நோய் தீர்வது. நிறம் மாறுவது அல்ல.

நிறத்தை விற்கும் காலம் அடுத்து வந்தது. 1975இல் இந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லி, 1998இல் கவின்கேரின் குங்குமப்பூ சேர்த்த ஃபேர்எவர். சின்னப் பாக்கெட்டுகளில் வந்ததால் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தன. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறைக்கே, சருமப் பராமரிப்பு என்றால் வெளுப்பது என்ற எண்ணம் பதிந்துபோனது பெரிய நஷ்டம். சிவப்பழகு ஆசையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்புகளைச் சிலர் மாதக்கணக்கில் பூசினார்கள். முதல் வாரம் முகம் பளபளக்கும். போகப் போகத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு கிளம்பும். இருபது வயது முகத்தை முதுமையாக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது. அப்படிப்பட்ட 14 களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல்தான் ஆணையிட்டது.

இதற்கிடையே அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஸ்டீல் கம்பி உருட்டும் ஆலைகளும் உருக்கு உலைகளும் வந்தன. சுற்றுக் கிராமங்களிலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். கிழமை பார்த்து எண்ணெய் தேய்க்க ஷிப்ட் விடுவதில்லை. உலைக்கு அருகே நெடுநாள் நின்றால் அந்த வெப்பமே தோலில் வலைபோலப் பழுப்புத் தடம் போடும். வெயில் பூச்சு (சன்ஸ்கிரீன்) அதைத் தடுக்காது, மறைப்பும் உடையும்தான் தடுக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கழுவுவது முதல் காப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே கழுவும் வசதியைத் தொழிலாளியின் உரிமையாக வைத்தது.

வெயில் பூச்சு உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் சோதனை நடந்தது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு என்று 2013இல் முடிவு வெளியானது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நம் கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் இயல்பிலேயே ஒரு காப்பு. சுருக்கம் நமக்குத் தாமதமாகவே விழும். ஆனால் மங்கும் கருந்திட்டும் முந்திக்கொள்ளும். அதனால் வெயில் பூச்சு நமக்குத் தேவையில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

பூச்சுப் பழக்கம் இருபதுகளில் தொடங்கினால் செலவும் குறைவு. எஸ்.பி.எஃப் 30 உள்ள பூச்சு இரண்டு விரல் நீளம் முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில் நின்றால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும். இரவில் முகம் கழுவியதும் சாதாரண ஈரப்பதக் கிரீம் போதும். தோலை முதுமையாக்கும் புகையிலையையும் விட வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து பிற்பகல் இரண்டு மணிக்கு, சுடும் வெயிலில் கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பூச்சோடு முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும். நிறுத்தத்தில் நிழற்கூரையும் வேண்டும். அதைப் போட்டுத்தர வேண்டியது பஞ்சாயத்தும் ஆலைகளும்.