அமெரிக்கக் கவுண்டி நிலப்பதிவேடுகளின் வரலாறு

கவுண்டி நிலப்பதிவேடுகள் என்பவை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலமும் வீடும் கைமாறும்போது எழுதப்படும் பத்திரங்களை அந்தந்தக் கவுண்டி அலுவலகம் படியெடுத்துப் பாதுகாக்கும் ஏடுகள் ஆகும். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள ஆட்சிப் பிரிவு. ஏறத்தாழ மாவட்டம் போன்றது. லூசியானா மாநிலத்தில் இதற்குப் பாரிஷ் என்றும், அலாஸ்காவில் பரோ என்றும் பெயர். இத்தகைய பிரிவுகள் அந்நாட்டில் 3,100-க்கும் மேல் உள்ளன. நாடு முழுவதற்குமான ஒரே நிலப்பதிவேடு அங்கே கிடையாது. ஒரு வீட்டின் வரலாற்றை அறிய வேண்டுமானால், அது எந்தக் கவுண்டியில் உள்ளதோ அந்தக் கவுண்டியின் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

இந்த முறையின் அடிப்படை ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கவுண்டிப் பதிவாளர் பத்திரத்தைப் பதிந்துகொள்கிறார். நிலம் இன்னாருடையதுதான் என்று உறுதி அளிப்பதில்லை. பதியப்பட்ட பத்திரங்களைக் கோவையாகப் படித்து உரிமையாளர் யார் என்று முடிவு செய்வது வாங்குபவரின் பொறுப்பு. ஆகவே ஏடு அழிந்தாலோ, தேட முடியாத நிலையில் இருந்தாலோ, நிலத்தின் மீதான உரிமையே ஆட்டம் காணும். இது பலமுறை நடந்திருக்கிறது.

தோற்றம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலம் கைமாறியதற்கு ஊரார் சாட்சியே சான்றாக இருந்தது. விற்பவர் சாட்சிகள் முன்னிலையில் ஒரு பிடி மண்ணையோ மரக்கிளையையோ வாங்குபவர் கையில் கொடுப்பார். பத்திரங்கள் எழுதப்பட்ட பின்னரும் அவை வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. 1536-இல் வந்த ஒரு சட்டம் சிலவகை விற்பனைகளைப் பதியச் சொன்னாலும், அது பொதுவான வழக்கமாக வேரூன்றவில்லை.

கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு அந்தப் பழைய வழி போதவில்லை. புதிய ஊர், புதிய அண்டை வீட்டார், அடிக்கடி கைமாறும் நிலம் என்ற சூழலில் ஒரே நிலத்தை இருவருக்கு விற்கும் மோசடி எளிதாக நடந்தது. மாசச்சூசெட்சு விரிகுடாக் குடியேற்றம் 1640-இல் இதற்கு ஒரு சட்டம் செய்தது. விற்றவர் நிலத்திலேயே தொடர்ந்து இருக்கும்போது, அந்த விற்பனையோ அடமானமோ பதியப்படாவிட்டால் பிறரை அது கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், சொத்து, நாள் ஆகியவை ஏட்டில் இடம்பெற வேண்டும். இன்றைய பதிவேடுகளின் கருவும் இதுவே. பின்னர் கவுண்டிகள் அமைந்தபோது பதிவு பெரும்பாலும் அவற்றின் பணியானது. கனெக்டிகட், ரோட் தீவு, வெர்மான்ட் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் இன்றும் ஊராட்சி அளவிலேயே பதிவு நடக்கிறது.

அளவையும் பதிவும்

பத்திரத்தைப் பதிந்தால் மட்டும் போதாது. அதில் சொல்லப்படும் நிலம் எது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கென்டக்கிப் பகுதியில் எல்லைகள் மரம், ஓடை, பாறை ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்டன. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் வரும் செக்குபந்தியை இது ஒருவாறு ஒத்தது. ஆனால் அங்கே முறையான அளவை முன்கூட்டி நடக்கவில்லை. அவரவர் அளந்து உரிமை கோரியதால் ஒரே நிலத்தின் மீது பல உரிமைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் இதில் சிக்கியவர்களுள் ஒருவர். கென்டக்கியில் அவர் வைத்திருந்த பண்ணைகள் உரிமைத் தகராறுக்கு உள்ளாயின. 1816-இல் குடும்பம் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தது. அடிமை முறை ஓரளவுக் காரணம் என்றாலும், நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று ஆபிரகாம் லிங்கன் 1860-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் தெரிவித்துள்ளார். இந்தியானாவில் நிலம் கூட்டரசால் முதலில் அளக்கப்பட்டு, பிறகே விற்கப்பட்டது.

அந்த அளவைக்கு அடிப்படை 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம். அதன்படி நிலம் பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டது. இவற்றுள் 16-ஆம் பிரிவு பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டம், பதிவாளர்கள் அமர்த்தப்பட்டபின் ஓராண்டுக்குள் நில உரிமை மாற்றங்கள் பதியப்பட வேண்டும் என்றது. இவ்வாறு அளக்கப்பட்ட நிலத்தில், அரசு முதல் உரிமையாளருக்குத் தரும் பத்திரமே மூலப்பத்திரம். அதன் பதிவு கூட்டரசின் நில அலுவலகத்தில் இருக்கும். அதற்குப் பிந்தைய கைமாற்றங்களைக் கவுண்டி ஏட்டில் காணலாம்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அரசுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கைகளாலும் படைபலத்தாலும் நிலத்தை இழந்த பூர்வகுடி மக்களின் உரிமைக்குக் கவுண்டி ஏட்டில் பொதுவாகப் பக்கம் இல்லை.

பதிவதும் தேடுவதும்

விற்பவர் நோட்டரி முன்னிலையில் கையொப்பத்தை ஒப்புக்கொள்கிறார். பத்திரம் அலுவலகத்துக்கு வந்ததும் நாள், நேரம், எண் ஆகியவை குறிக்கப்படுகின்றன. முற்காலத்தில் எழுத்தர் அதைச் சொல்லுக்குச் சொல் பெரிய ஏட்டில் படியெடுத்தார். மூலம் உரியவரிடம் திருப்பித் தரப்பட்டது. ஏட்டு எண்ணும் பக்க எண்ணும் அதன் முகவரி ஆயின.

இந்த ஏடுகளைத் திறக்கும் சாவிகள் இரண்டு: கொடுத்தவர் பெயர் அட்டவணை, பெற்றவர் பெயர் அட்டவணை. தேடுபவர் இன்றைய உரிமையாளரின் பெயரைப் பெற்றவர் அட்டவணையில் பார்த்து, அவருக்கு விற்றவரைக் கண்டுபிடிக்கிறார். அந்த விற்றவர் யாரிடம் வாங்கினார் என்று அதே அட்டவணையில் மீண்டும் பார்க்கிறார். இப்படிப் பின்னோக்கிச் சென்றபின், ஒவ்வொரு உரிமையாளரின் பெயரையும் கொடுத்தவர் அட்டவணையில் முன்னோக்கிப் பார்க்கிறார். அடமானம், இரண்டாம் விற்பனை போன்ற வில்லங்கங்கள் அப்போதுதான் தெரியவரும். வாரிசுரிமை, நீதிமன்றத் தீர்ப்பு, வரி பாக்கி ஆகியவற்றை வேறு ஏடுகளில் பார்க்க வேண்டியிருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பத்திரம் கண்ணில் படாமல் போகலாம்.

நேரம் குறிப்பதற்கும் காரணம் உண்டு. ஒருவர் தம் நிலத்தை முதலில் ஒருவருக்கு விற்கிறார். வாங்கியவர் பதியாமல் விடுகிறார். பிறகு அதே நிலத்தை விற்றவர் வேறொருவருக்கு விற்கிறார். முந்தைய விற்பனையை அறியாமல் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், பல மாநிலங்களில் நிலம் இரண்டாமவருக்கே சேரும். முதலாமவர் விற்றவர் மீது வழக்குத் தொடரலாமே தவிர, நிலத்தை மீட்க முடியாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த முறை ஓரளவு பழக்கமானதே. 1908-ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டமும் பத்திரத்தைப் பதியும் முறைதான். ஆயினும் அது பெயர் அட்டவணையோடு சொத்து அட்டவணையையும் வைக்கச் சொல்கிறது. சார்பதிவாளர் அலுவலகமே வில்லங்கச் சான்று வழங்குகிறது. அமெரிக்காவில் சொத்து வாரியான அட்டவணை எல்லாக் கவுண்டிகளிலும் இல்லை. தேடும் வேலையும் பெரும்பாலும் வழக்கறிஞர்களிடமும் தனியார் நிறுவனங்களிடமும் உள்ளது. பட்டாவும் பத்திரமும் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பதுபோல, அங்கும் வரி மதிப்பீட்டு ஏடு வேறு, பத்திர ஏடு வேறு. வரி ஏட்டில் பெயர் இருப்பது மட்டும் உரிமையை நிறுவாது.

ஏடுகள் எரிந்தபோது

கவுண்டி ஏடுகள் பெரும்பாலும் நீதிமன்றக் கட்டடங்களில் இருந்தன. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களில் பல கட்டடங்கள் எரிந்தன. வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் பாதுகாப்புக் கருதித் தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்நகர் எரிந்தபோது அவையும் எரிந்தன.

1871 அக்டோபரில் சிகாகோவில் ஏற்பட்ட பெருந்தீயில் குக் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடமும் நிலப்பதிவேடுகளும் சாம்பலாயின. ஒரு பெருநகரின் நிலம் முழுவதற்கும் அரசிடம் ஏடு இல்லாமல் போயிற்று. அடமானம் வைத்துக் கடன் பெற்றுத்தான் நகரை மீண்டும் கட்ட முடியும். உரிமையைக் காட்டாமல் கடன் கிடைக்காது.

அப்போது கைகொடுத்தவை தனியார் குறிப்பேடுகள். சேஸ் சகோதரர்கள், ஷார்ட்டால் அண்டு ஹோர்டு, ஜோன்ஸ் அண்டு செல்லர்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் பொதுப் பதிவேடுகளிலிருந்து உரிமைச் சுருக்கங்களைத் தயாரித்து விற்று வந்தன. தீ நெருங்கியபோது அவற்றின் ஏடுகளில் ஒரு பகுதி வெளியே கொண்டுசெல்லப்பட்டது. எந்த ஒரு நிறுவனத்திடமும் முழுத் தொகுதி எஞ்சவில்லை. மூன்றையும் சேர்த்தபோது ஏறத்தாழ முழுமை கிடைத்தது. 1872-இல் இல்லினாய் மாநிலம் எரிந்த பதிவேடுகள் சட்டத்தை இயற்றி, இத்தகைய சுருக்கங்களை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்க வழி செய்தது. நகரம் மீண்டெழுந்தது. ஆனால் பொதுச்சொத்தாக இருந்த தகவல் தனியார் கைக்குப் போயிருந்தது. பழைய உரிமையை அறிய விரும்பியவர் அவர்களிடம் பணம் கொடுத்தே அறிய வேண்டியிருந்தது.

1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும் இதே நிலையை உண்டாக்கின. கலிபோர்னியா அதே ஆண்டில் மக்எனர்னி சட்டத்தை இயற்றி, உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்று உரிமையை மீண்டும் நிறுவிக்கொள்ள வழி செய்தது.

உறுதி அளிப்பது யார்?

பதிவாளர் உறுதி அளிக்காத இடத்தில் தேடித் தருபவரின் தவறுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. 1868-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் கருத்தை நம்பி நல்லெண்ணத்துடன் செயல்பட்ட பத்திர எழுத்தர் இழப்புக்குப் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. வாங்கியவர் இழந்தது இழந்ததாகவே ஆயிற்று. இதன் விளைவாக 1876-இல் பிலடெல்பியாவில் நில உரிமைக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. இன்று அங்கே வீடு வாங்குவோர் பெரும்பாலோர் இக்காப்பீட்டுக்குப் பணம் கட்டுகின்றனர்.

மற்றொரு வழி டாரன்ஸ் முறை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இம்முறையில், அரசே உரிமைச் சான்றிதழ் தந்து உறுதி அளிக்கிறது. சில அமெரிக்க மாநிலங்கள் இதை ஏற்றன. மாசச்சூசெட்சு, மின்னசோட்டா, ஹவாய் ஆகியவற்றில் இது பழைய முறையோடு சேர்ந்து இன்றும் உள்ளது. 1897-இல் சட்டம் இயற்றிய இல்லினாய் 1990-களில் இதைக் கைவிட்டது.

ஏட்டில் நிலைத்த அநீதி

ஏடு உரிமையைக் காத்ததுபோல ஒதுக்குதலையும் காத்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வீட்டைக் கறுப்பினத்தவருக்கோ வேறு சில இனத்தவருக்கோ விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதிப் பதியப்பட்டது. 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்றது. 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய பாகுபாட்டையே தடை செய்தது. எனினும் பதியப்பட்ட சொற்கள் ஏட்டில் அப்படியே உள்ளன. 2016-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் ஒன்று, ஹென்னபின் கவுண்டியின் பத்திரங்களைப் படித்து இந்நிபந்தனைகள் இருந்த மனைகளை வரைபடத்தில் குறித்தது. ஒதுக்கியவர்கள் பதிந்த ஏடே அதற்குச் சான்றாயிற்று.

பதியாமல் விட்டதாலும் இழப்பு நேர்ந்தது. தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பல, உயில் எழுதாமலும் வாரிசுப் பெயரில் பத்திரம் பதியாமலும் நிலத்தைத் தலைமுறைகளாக உழுதன. ஒரு பங்காளியின் பங்கை வெளியார் வாங்கிப் பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்தால், முழு நிலமும் ஏலத்துக்குப் போக முடிந்தது. இதைத் தடுக்க 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் உருவாக்கப்பட்டு, பல மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன.

இன்றைய நிலை

கையெழுத்துப் படிகளுக்குப் பின் தட்டச்சும் ஒளிநகலும் நுண்படமும் வந்தன. யூட்டா மரபுவழி ஆய்வுச் சங்கம் 1938 முதல் ஆவணங்களை நுண்படம் எடுக்கத் தொடங்கியது. பல கவுண்டி ஏடுகளுக்கு இரண்டாம் படி கிடைக்க இத்தகைய பணி உதவியது. 2000-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மின்கையொப்பத்துக்கு ஏற்பு அளித்தபின், மின்வழிப் பதிவு பரவியது. இப்போது பல கவுண்டிகளின் அட்டவணைகளை இணையத்தில் காணலாம். பழைய ஆண்டுகளுக்கு அலுவலகம் செல்ல வேண்டிய கவுண்டிகளும் உள்ளன.

தொழில்நுட்பம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. முறைப்படி இருக்கும் போலிப் பத்திரத்தையும் அலுவலகம் பதியக்கூடும். ஆகவே தம் பெயரில் ஏதேனும் பதியப்பட்டால் உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும் வசதியைப் பல கவுண்டிகள் இலவசமாக வழங்குகின்றன. ஏட்டைப் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பு 1640-இல் இருந்ததுபோலவே இன்றும் மக்களிடமே உள்ளது.