புகையைத் தண்ணீர் கழுவுமா? ஹூக்காவின் 400 ஆண்டுக் கணக்கு



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடாம் காய வைக்க மொட்டை மாடிக்குப் போன என் மனைவி, தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கரித்துண்டும் சாம்பலும் கிடக்கிறதென்று வந்து சொன்னாள். அன்று மாலை லிஃப்டில் ஒரு கல்லூரிப் பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை. மறைக்காமல் சொன்னான்: "ஹூக்கா அங்கிள். ஆனா சிகரெட் மாதிரி இல்ல. புகை தண்ணிக்குள்ள போய் ஃபில்டர் ஆகித்தான் வரும்."

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது அவன் கற்பனை இல்லை, 400 வருடங்களாகக் கைமாறி வரும் நம்பிக்கை. அதன் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் மூலம் நம் மேற்குக் கடற்கரைக்கு வந்தது. 1604 வாக்கில், பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய ஆசாத் பேக் என்பவர், ரத்தினம் பதித்த குழாயோடு புகையிலையை அக்பரின் முன் வைத்தார். அக்பர் ஓரிரு இழுப்பு இழுத்தும் பார்த்தார். அரண்மனை மருத்துவர் ஹக்கீம் அலி தடுத்தார். நம் வைத்திய நூல்களில் இல்லாத, சோதித்துப் பார்க்காத பொருள் என்பது அவர் வாதம். எந்தப் பழக்கமும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதானே என்றார் ஆசாத் பேக். இதையெல்லாம் ஆசாத் பேக்கே தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அக்பர் அந்தப் பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. பிரபுக்கள் பிடித்துக்கொண்டார்கள். 1617இல் ஜஹாங்கீர் தடை போட்டும் அது நிற்கவில்லை.

அக்பரின் மருத்துவர்களில் இன்னொருவரான ஹக்கீம் அபுல் ஃபத் கிலானிதான், புகையைத் தண்ணீர் வழியே விட்டால் தீமை குறையும் என்று ஹூக்காவை உருவாக்கினார் என்று பல இடங்களில் படிக்கலாம். அவர் இறந்தது 1589இல். புகையிலை அரசவைக்கு வந்ததோ அதற்குப் பதினைந்து வருடம் கழித்து. வங்கியில் உட்கார்ந்த எனக்கு இது டேலி ஆகவில்லை. கண்டுபிடித்தவர் யாரோ, "தண்ணீர் சுத்தப்படுத்தும்" என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

அதோடு ஒரு நாகரிகமும் வளர்ந்தது. பீதர் நகரத்துக் கைவினைஞர்கள் கறுப்பு உலோகத்தில் வெள்ளி இழைத்து ஹூக்காக் குடுவைகள் செய்தார்கள். கல்கத்தாவில் கம்பெனி வெள்ளைக்காரர்கள், ஹூக்காவைத் தயார் செய்து தூக்கி வரவே "ஹூக்காபர்தார்" என்று தனி ஆள் வைத்தார்கள். 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்து அழைப்பில், வேலைக்காரர்களை அழைத்து வர வேண்டாம், ஹூக்காபர்தார் மட்டும் வரலாம் என்று இருந்ததாம்.

வட இந்தியக் கிராமங்களில் பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் வட்டமாக உட்கார, நடுவில் ஒரே ஹூக்கா சுற்றி வரும். பஞ்சாயத்தும் கல்யாணப் பேச்சும் அங்கேதான். ஆனால் யாரோடு வேண்டுமானாலும் குழாயைப் பகிர மாட்டார்கள். சொந்த சாதிக்காரரோடுதான். ஒருவரை ஊர் விலக்கி வைப்பதற்கு "ஹுக்கா பானி பந்த்" என்று பெயர். ஹூக்காவும் தண்ணீரும் இல்லை என்று அர்த்தம். சேர்த்து வைத்ததும் அதுதான், தள்ளி வைத்ததும் அதுதான்.

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம். மேலே ஒரு கிண்ணத்தில் புகையிலை, அதன் மேல் எரியும் கரி. வாயால் இழுத்தால் புகை குழாய் வழியே இறங்கி, தண்ணீரில் குமிழியிட்டு மேலே வரும். தண்ணீர் புகையைக் குளிர வைக்கும். அதிகம் போனால் கரையக்கூடியதில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நம் நெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடும். புகை குளிர்ந்திருப்பதால் தொண்டை எரியாது. எரியாததால் ஆழமாக, நெடுநேரம் இழுப்போம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பின்படி, ஒரு மணி நேர ஹூக்காவில் உள்ளே போகும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப் போல 100 முதல் 200 மடங்கு. ஆப்பிள், புதினா வாசனை இந்தக் கணக்கை மாற்றாது. புகையிலையே இல்லாத "மூலிகை" வகையிலும் கரி எரியத்தான் செய்கிறது. ஏசி போட்டு மூடிய அறையில் அந்தக் கரிப்புகை தலைசுற்றல், மயக்கம் வரை கொண்டுபோகும். ஒரே குழாயில் பலர் வாய் வைத்தால் காசநோய் போன்ற தொற்றும் பரவலாம்.

ஹூக்கா பார்களுக்குத் தடை விதிக்கும் சட்டத் திருத்தத்தை நம் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. அது பார்களுக்கு. நம் வீட்டு ஹாலுக்கும் மொட்டை மாடிக்கும் நாம்தான் காவல்.

உங்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. 1981இல் வேலைக்குச் சேர்ந்த நான், சிகரெட்டைத் தொட்டது ருசிக்காக அல்ல. நாலு மணி டீக்கு வெளியே போகும் சீனியர்கள் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்பதற்காக. நானும் "ஃபில்டர் வெச்சதுதானே" என்று சொல்லிக்கொண்டேன். 2005இல் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் விட்டேன். அந்தச் சீனியர்கள் நாலு பேரில் இன்று இருப்பவர் ஒருவர்.

அதனால் பிள்ளைகளே, மாடியில் கூடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கூடுங்கள், பாடுங்கள், பேசுங்கள். அந்த வயதில் அது வேண்டும். நடுவில் வைக்கும் பொருளை மட்டும் மாற்றுங்கள். ஞாயிறு மாலை சுண்டல் எங்கள் வீட்டிலிருந்து வரும். லிஃப்டில் பார்த்த தம்பி, முதல் தட்டு உனக்குத்தான்.