ஹலோ கேம்ஸ்

ஹலோ கேம்ஸ், இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள கில்ஃபர்ட் நகரில் இயங்கும் வீடியோ கேம் ஸ்டூடியோ. ஷான் மர்ரி, கிராண்ட் டங்கன், ரயன் டாயில், டேவிட் ரீம் ஆகிய நால்வரும் சேர்ந்து 2008-இல் இதைத் தொடங்கினார்கள். 2016-இல் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேமால் இந்தச் சிறு நிறுவனத்தின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. அதே கேமால் அந்தப் பெயர் சில வாரங்களுக்குள் கெட்டும் போனது. சொன்னவற்றில் பல கேமில் இல்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு ஹலோ கேம்ஸ் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் தன்னை விற்காமல், அதே கேமைப் பல ஆண்டுகள் திருத்தி, திருத்தியதை இலவசமாகவே கொடுத்து, இழந்த மதிப்பை மீட்டுக்கொண்டது. கேம் துறையில் பெயர் கெட்ட ஸ்டூடியோக்கள் நிறைய உண்டு. விலைபோகாமல் இருந்து மீண்டவை மிகச் சில.

கில்ஃபர்டும் அதன் ஸ்டூடியோக்களும்

லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ஃபர்ட், பிரிட்டிஷ் கேம் துறையின் பழைய ஊர்களில் ஒன்று. அங்கே பிறந்த ஸ்டூடியோக்களின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் ஹலோ கேம்ஸின் பிடிவாதம் புரியும். புல்ஃபிராக் நிறுவனத்தை 1995-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்தப் பெயரே மறைந்தது. புல்ஃபிராக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் மாலினியூ பிறகு லயன்ஹெட்டைத் தொடங்கினார். 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, 2016 ஏப்ரலில் மூடிவிட்டது. கார் பந்தய கேம்களுக்குப் பெயர்போன கிரைட்டீரியன் 2004-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போனது. ஷான் மர்ரி அந்தக் கிரைட்டீரியனில் நிரலாளராக வேலை பார்த்தவர். வாங்கப்பட்ட ஸ்டூடியோ என்னவாகும் என்பதை அவர் பக்கத்திலிருந்தே பார்த்திருந்தார்.

ஹலோ கேம்ஸின் முதல் கேமான 'ஜோ டேஞ்சர்' 2010 ஜூனில் பிளேஸ்டேஷன் 3-இல் வந்தது. மோட்டார் சைக்கிளில் சாகசம் செய்யும் ஒருவனைப் பற்றிய, சிறுவர்களும் ஆடக்கூடிய கேம். வெளியிட யாரும் முன்வராததால் நால்வரும் தாங்களே வெளியிட்டார்கள். வேலையை முடிக்கப் பணம் போதாமல் மர்ரி தன் வீட்டை விற்றார். கேம் நன்றாக விற்றது. 2012-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது.

விதை எண்ணிலிருந்து ஒரு பிரபஞ்சம்

2013 டிசம்பர் 7 அன்று அமெரிக்க வீடியோ கேம் விருது நிகழ்ச்சி ஒன்றில் 'நோ மேன்ஸ் ஸ்கை'யின் முதல் டிரெய்லர் காட்டப்பட்டது. ஒரு கோளின் கடலடியிலிருந்து எழுந்து, விண்கலத்தில் ஏறி, வெட்டிச் சேர்த்த இடமே தெரியாமல் விண்வெளிக்குப் போகலாம் என்று அது காட்டியது. அப்போது இதில் வேலை செய்தவர்கள் நான்கு பேர் மட்டுமே என்பதுதான் பார்த்தவர்களை அதிர வைத்தது. அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வெள்ளம் அவர்களுடைய அலுவலகத்துக்குள் புகுந்து கருவிகளை அழித்தது. வேறிடத்தில் கிடைத்ததை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

நான்கு பேரால் எப்படி முடிந்தது? உதாரணத்துக்குக் கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக அது நிற்கிறது. வழக்கமான முறையில் அதை ஒரு கேமுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், அடிவாரத்துக் கோமுகி அணையிலிருந்து மேலே வெள்ளிமலை வரை ஒவ்வொரு சரிவையும் ஓடையையும் பாறையையும் கலைஞர்கள் தனித்தனியாக உருவாக்கிச் சேமிக்க வேண்டும். பல பேருக்குப் பல மாத வேலை அது. ஹலோ கேம்ஸ் பின்பற்றிய முறையில் மலை எங்கும் சேமிக்கப்படுவதே இல்லை. ஒரு விதை எண் இருக்கும். கணிதச் சூத்திரங்கள் இருக்கும். இந்தப் புள்ளியில் நிலம் எவ்வளவு உயரம், இங்கே பாறையா புல்லா, மண்ணின் நிறம் என்ன என்று கேட்கும்போதெல்லாம் சூத்திரம் அந்த எண்ணிலிருந்து விடையைக் கணித்துத் தருகிறது. ஆட்டக்காரர் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் மலை கணினியின் நினைவிலிருந்து நீங்கிவிடும். திரும்பி வந்தால் அதே எண்ணிலிருந்து அதே மலை மீண்டும் எழும். ஒரு கல்கூட இடம் மாறியிருக்காது.

விதை எண் 64 பிட் அளவுடையது என்பதால் கோள்களின் எண்ணிக்கை சுமார் 1.84 லட்சம் கோடி கோடி. மனிதர் ஆடித் தீர்க்க முடியாத அளவு. இத்தனையும் சில ஜிபி கொள்ளளவுக்குள் அடங்கியது. கோள்கள் ஆடுபவரின் கருவியிலேயே உருவாவதால் தனியாக ஆட இணைய இணைப்பு தேவையில்லை. அலைபேசி சிக்னல் வந்து வந்து போகும் மலையூரில் இருப்பவருக்கும் முழுப் பிரபஞ்சம் கிடைக்கும். அப்டேட்டுகளை இறக்கிக்கொள்ளத்தான் நல்ல இணைப்புள்ள இடத்துக்கு வர வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. சூத்திரம் சரிவைத் தரும். அந்தச் சரிவில் ஏன் ஒரு ஊர் அமைந்தது, அங்கே என்ன விளைகிறது, எந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதைத் தராது. சில மணி நேரம் ஆடியவர்களுக்குக் கோள்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றின. இது தொழில்நுட்பத்தின் இயல்பான எல்லை. பின்னர் எழுந்த கோபத்தில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

2016

2014-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் சோனி தன் முக்கிய மேடையை இந்தக் கேமுக்குக் கொடுத்தது. பண உதவி செய்யவும் சோனி முன்வந்தது. ஹலோ கேம்ஸ் விளம்பர உதவியை மட்டும் கேட்டுப் பெற்றது. நிறுவனத்தின் பங்கு யாருக்கும் போகவில்லை. ஆனால் அந்த விளம்பரம் ஒரு சிறு குழு தாங்கக்கூடிய எதிர்பார்ப்பைவிடப் பல மடங்கு பெரியதை உண்டாக்கியது. பேட்டிகளில் மர்ரியிடம் இது இருக்குமா, அது இருக்குமா என்று கேட்டார்கள். செய்ய நினைத்தவை, செய்துகொண்டிருந்தவை, செய்து முடித்தவை எல்லாவற்றையும் அவர் ஒரே உற்சாகத்தோடு சொன்னார். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு என்ற பொருளில் பதில் வந்தது. ஜூனில் வரவேண்டிய கேம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதும் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

2016 ஆகஸ்ட் 9 அன்று பிளேஸ்டேஷன் 4-இலும், 12 அன்று விண்டோஸிலும் கேம் வெளியானது. விலை 60 டாலர், அதாவது பெரிய நிறுவனங்களின் கேம்களுக்கு அப்போது இருந்த விலை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். முதல் நாளே இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. சந்திக்கும் வசதியே கேமில் இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது. டிரெய்லரில் கண்ட பெரிய விண்வெளிப் போர்களும் கூட்டமாக நகரும் பேருருவ விலங்குகளும் கண்ணில் படவில்லை. பலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆடுவோர் எண்ணிக்கை சில வாரங்களில் சரிந்தது. ஸ்டீம் விமர்சனங்கள் அந்தத் தளத்தின் மிக மோசமான மதிப்பீட்டுக்கு இறங்கின.

பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 23 புகார்கள் போயின. ஸ்டீம் பக்கத்திலுள்ள படங்களும் காட்சிகளும் ஏமாற்றுபவை என்பது குற்றச்சாட்டு. சூத்திரத்தால் உருவாகும் கேமில் ஒவ்வொருவரும் காண்பது வேறுபடும் என்பதைக் கருத்தில் கொண்ட ஆணையம், விதிமீறல் இல்லை என்று 2016 நவம்பர் 30 அன்று முடிவு சொன்னது. சட்டப்படி அது விடுதலைதான். கேம் வாங்கியவர்களின் கோபம் அதனால் தணியவில்லை, தணிந்திருக்கவும் கூடாது. பெட்டிக்குள் இல்லாததை இருப்பதாக நம்பி முழு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

மௌனமும் அப்டேட்டுகளும்

வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஹலோ கேம்ஸ் பொதுவெளியில் பேசுவதையே நிறுத்தியது. விளக்கமோ அடுத்து என்ன என்ற அறிவிப்போ வரவில்லை. அது பொறுப்பற்ற மௌனமாகவே அன்று பார்க்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற குறை இன்றும் நியாயமானது. ஆனால் அதற்குள் சுமார் 15 பேராகியிருந்த குழு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

2016 நவம்பர் இறுதியில் 'ஃபவுண்டேஷன்' அப்டேட் வந்தது. கோளில் வீடு கட்டிக் குடியேறலாம் என்றானது. 2017 மார்ச்சில் 'பாத்ஃபைண்டர்' தரையில் ஓடும் வண்டிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'அட்லஸ் ரைசஸ்' அப்டேட்டில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒளிரும் உருண்டைகளாகத் தெரிந்தார்கள். திருப்புமுனை 2018 ஜூலை 24 அன்று வந்த 'நெக்ஸ்ட்'. சேர்ந்து ஆடலாம், எதிரில் நிற்பவரின் உருவத்தைப் பார்க்கலாம், சேர்ந்து வீடு கட்டலாம். முதல் நாள் ஒரே இடத்தில் நின்றும் பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்கள் கேட்டது, ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2019 ஆகஸ்டில் 'பியாண்ட்' அப்டேட்டுடன் மெய்நிகர் கருவிகளிலும் ஆட முடிந்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் அப்டேட்டுகள் வந்தன. எதற்கும் தனி விலை வைக்கவில்லை.

பேசும் முறையும் மாறியது. வேலை முடியும் தறுவாய்க்கு வரும் வரை எதையும் அறிவிப்பதில்லை. வரப்போவதைப் பற்றி மர்ரி சமூக ஊடகத்தில் ஒற்றை எமோஜியை மட்டும் போடுவார். ரசிகர்கள் அதை வைத்து ஊகிப்பார்கள். வாக்குறுதியால் கெட்ட பெயரை இன்னொரு வாக்குறுதியால் மீட்க முடியாது என்பதை நடைமுறையில் ஏற்றுக்கொண்ட நிறுவனம் இது.

2020-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் தொடர்ந்து மேம்படும் சிறந்த கேமுக்கான விருதும், 2022-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அதே வகை விருதும் கிடைத்தன. ஸ்டீமில் மொத்த மதிப்பீடு படிப்படியாக ஏறி, 2024-இன் இறுதியில் 'மிகவும் நேர்மறை' என்ற நிலையை எட்டியது. அந்தக் கணக்கில் 2016-இல் எழுதப்பட்ட கடுமையான விமர்சனங்களும் சேரும். அவற்றின் எடையைத் தாண்டி ஏற எட்டு ஆண்டுகள் பிடித்தன.

சொந்தக் காலில் நின்றதன் பங்கு

பழுதான கேமைத் திருத்த முயன்ற வேறு நிறுவனங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குச் சொந்தமான பயோவேர் 2019 பிப்ரவரியில் 'ஆந்தம்' கேமை வெளியிட்டது. வரவேற்பு மோசம். ஒரு குழு அதை அடியோடு திருத்தத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் அந்த வேலை கைவிடப்பட்டது. போலந்தின் சிடி புராஜெக்ட் 2020 டிசம்பரில் வெளியிட்ட 'சைபர்பங்க் 2077' கேமைச் சோனி தன் கடையிலிருந்தே நீக்கியது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு மேலே எஜமான் யாரும் இல்லை. 2023 செப்டம்பர் வரை திருத்தி மதிப்பை மீட்டது.

ஹலோ கேம்ஸுக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல மேலே ஒருவர் இல்லை. அந்த விடுதலைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகஸ்டு 2016-இல் 60 டாலர் கொடுத்து ஏமாந்தவர்களின் பணம் அது. ஊழியர் எண்ணிக்கை சிறிதாக இருந்ததால் அந்தப் பணம் பல ஆண்டுகளுக்கு நீடித்தது. ஏமாந்தவர்களே மீட்சிக்கும் முதல் போட்டார்கள். அந்தக் கடனை நிறுவனம் இலவச அப்டேட்டுகளாகத் திருப்பிக் கொடுத்தது என்பதே அதற்குச் சேரும் பெருமை.

இந்தியாவிலும் தமிழரிடையேயும்

இந்திய ஸ்டூடியோக்களுக்கு இப்படி நீண்ட காலம் தாங்கும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், 'ராஜி' கேமுக்காக 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்றது. விடாமல் உழைத்து 2020-இல் கேமை வெளியிட்டது. சிறந்த முதல் கேமுக்கான சர்வதேசப் பரிந்துரையும் பெற்றது. கனடாவின் டொராண்டோவில் தமிழர் ஒருவர் நிறுவிய விசை கேம்ஸ், 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா'வை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமும் அதன் சமையலும்தான் கேம். 2024-இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் விழாவின் முதன்மைப் பரிசையும் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது. சில மணி நேரத்தில் முடியும் கேம் அது. சொன்ன அளவையே முழுமையாகச் செய்து கொடுத்தது. சிறு குழுவுக்கு இதுவே பாதுகாப்பான வழி என்பது கட்டுரையாளரின் எண்ணம். கள்ளக்குறிச்சி போன்ற ஊரிலிருந்து கேம் செய்ய நினைக்கும் இளைஞருக்கு கில்ஃபர்டின் பிரபஞ்சத்தைவிட டொராண்டோவின் அடுப்படி எட்டக்கூடியது.

பிற்காலம்

2020-இல் ஹலோ கேம்ஸ் 'தி லாஸ்ட் கேம்ப்ஃபயர்' என்ற சிறு கேமை வெளியிட்டது. 2023 டிசம்பர் 7 அன்று, முதல் டிரெய்லர் வந்து சரியாகப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 'லைட் நோ ஃபயர்' அறிவிக்கப்பட்டது. பூமியளவு பெரிய ஒற்றைக் கோளில் எல்லோரும் சேர்ந்து வாழும் கேம் என்றார்கள். வெளியீட்டு நாள் எதையும் சொல்லவில்லை. அதற்காக உருவாக்கிய தொழில்நுட்பத்தை 2024, 2025 ஆண்டுகளின் 'வேர்ல்ட்ஸ்' அப்டேட்டுகள் வழியே பழைய கேமுக்கும் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 'வாயேஜர்ஸ்' அப்டேட், உள்ளே நடமாடக்கூடிய பெரிய கலங்களை ஆட்டக்காரர்களே கட்டிக்கொள்ள வழி செய்தது.