மடக்குக்கத்தியும் அதன் பதமும்



பூம்பாறையில் பூண்டு போடுகிறவர், வில்பட்டியில் பேரி மரம் வைத்திருப்பவர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டக்காரர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், இடுப்பிலோ சட்டைப்பையிலோ ஒரு மடக்குக்கத்தி இருக்கும். சாக்குமூட்டையைப் பிரிக்க, கயிறு அறுக்க, ஒட்டுக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறையும் ஒன்று உண்டு. "பளபளன்னு இருந்துச்சுங்க. நல்ல வெலை குடுத்து வாங்குனேன். ரெண்டே நாள்ல மொண்ணையாப் போச்சு. எங்க அப்பா காலத்துக் கறுத்த கத்தி இன்னும் அப்படியே அறுக்குது."

இந்த ஏமாற்றம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. நல்லது என்று நினைத்த கத்தி காலை வாரியதும், உதவாது என்று ஒதுக்கிய கத்தி உலகத்தையே பிடித்ததும் சரித்திரத்தில் உண்டு. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால், கடையில் கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், வாங்கிய கத்தியை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பது தானே விளங்கும்.

நம் ஊர் உருக்கும் லண்டன் பேனாக்கத்தியும்

முதல் கதை நம் மண்ணில் தொடங்குகிறது. பழனிக்கு வடக்கே, ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு செய்ததற்கான அடையாளங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தொழில் அது. சேலம் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரைகூட இந்த வேலை நடந்தது. தேனிரும்புத் துண்டுகளைச் சின்னக் களிமண் மூசையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி வைத்து, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துத் துருத்தி ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்புக்குள் ஏறி, அது உருக்காக மாறிவிடும்.

1794-ல் பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலெனஸ் ஸ்காட் இந்த வகை இந்திய உருக்குக் கட்டிகளை லண்டனுக்கு, ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பி வைத்தார். அங்கே அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இவற்றின் திரிபு அது என்பார்கள். பெயர் பெரிதாகப் பரவியது. ஆனால் ஐரோப்பாவின் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி நன்றாகச் சூடேற்றிச் சம்மட்டியால் அடித்தபோது, அந்த உருக்கு வெடித்து உதிர்ந்தது. இவ்வளவு புகழ் பெற்ற சரக்கு இதுதானா என்று தோன்றிவிட்டது.

ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லர் வேறு மாதிரி செய்து பார்த்தார். பாங்க்ஸ் கேட்டுக்கொண்டபடி, இருட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்கின சிவப்புச் சூட்டில் வைத்து, பொறுமையாகத் தட்டி, ஒரு பேனாக்கத்தி செய்தார். அந்தக் காலத்தில் இறகுப் பேனா சீவுகிற சின்னக் கத்திக்குத்தான் பேனாக்கத்தி என்று பெயர். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் நம் பையில் இருக்கும் கத்திக்கு நிலைத்துவிட்டது. ஸ்டோடார்டின் கத்தி, அங்கே இருந்த முதல்தரக் கத்திகளுக்குச் சமமாக வெட்டியது. தட்டுவது கஷ்டமானாலும், பல வேலைகளுக்கு இங்கிலாந்து எஃகைவிட இதுவே மேல் என்பது அவர் முடிவு. 1795-ல் டாக்டர் ஜார்ஜ் பியர்சன் வூட்ஸ் பற்றி ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் இந்த விவரம் பதிவாகியிருக்கிறது.

காரணம் என்ன? நம் உருக்கில் கரிச்சத்து சுமார் 1.5 சதவீதம். சாதாரணக் கத்தி எஃகில் அதைவிடக் குறைவு. கரி கூடக் கூட, எஃகு தாங்கும் சூடு குறையும். அதனால்தான் வெள்ளைச் சூட்டில் உதிர்ந்தது, மங்கின சிவப்பில் வசப்பட்டது. சரக்கில் குற்றமில்லை, கொடுத்த சூட்டில்தான் குற்றம். இந்த ரகசியத்தைத் தேடித்தான் 1820-லும் 1822-லும் ஸ்டோடார்டும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவை ஆராய்ச்சிகளை வெளியிட்டார்கள். மின்சாரத்துக்குப் பேர் போன அதே ஃபாரடேதான். நம் உருக்கின் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என்று நினைத்தார்கள். அது சரியாக வரவில்லை. ஆனாலும் எஃகில் வேறு உலோகம் சேர்த்துப் பார்க்கும் பாதை அங்கேதான் விரிந்தது.

'வெட்டாத கத்தி'

அந்தப் பாதையில் வந்ததுதான் துருப்பிடிக்காத எஃகு. எவர்சில்வர் என்கிறோமே, அந்தக் குடும்பம். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமல் இருக்க ஒரு எஃகு தேடினார். சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்ததில், அமிலம்கூட எளிதில் அரிக்காத எஃகு கிடைத்தது. கத்திக்கு இது நல்லது என்று அவருக்குப் பட்டது. ஷெஃபீல்டோ கத்திக்கே பேர் போன ஊர். ஆனால் முதலில் செய்து பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கத்தியில் முனை நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்கள்.

இங்கேயும் சங்கதி சூடுதான். சாதாரண எஃகை சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றித் தோய்த்தால் கெட்டிப்படும். குரோமிய எஃகுக்கு சுமார் 1,000 டிகிரி வேண்டும். பழைய பழக்கத்தில் குறைந்த சூடு கொடுத்தால் அது மெத்தென்றே நிற்கும். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில்காரர் விடாமல் முயன்று பதத்தைப் பிடித்தார். பிறகு அதே கேலிக்குள்ளான எஃகு உலகத்துச் சமையலறைகளில் எல்லாம் புகுந்துவிட்டது.

பாருங்கள், நம் உருக்கு கேட்டது குறைந்த சூடு, ஷெஃபீல்டு எஃகு கேட்டது கூடுதல் சூடு. இரண்டையும் முதலில் மட்டம் என்றார்கள், இரண்டும் பிறகு ஜெயித்தன.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1891 முதல் ராணுவத்துக்கு மடக்குக்கத்தி கொடுத்தார். அந்தத் தொழிலில் நஷ்டப்பட்டுக் கடனில் விழுந்தார். 1897-ல் எடை குறைந்த, கூடுதல் கருவிகள் வைத்த ஒரு கத்தியைப் பதிவு செய்தார். ராணுவம் அதைச் சிப்பாய்களுக்குக் கொடுக்கவில்லை. அதிகாரிகள் தம் கைக்காசில் வாங்கினார்கள். அதுவே சிவப்புப் பிடி போட்டு உலகம் சுற்றியது. 1921-ல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபோது, அந்த எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் 'விக்டோரினாக்ஸ்' என்று பெயர் வந்தது.

நம் மலைக்கு வருவோம்

1845-ல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து தங்கத் தங்க, மேல்நாட்டுப் பழமரங்களும் காய்கறிகளும் பழனி மலையில் பரவின. பேரி வந்ததும் ஒட்டுக் கட்டும் வேலையும் வந்தது. நாட்டுப் பேரிக் கன்றில் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டுகிறோம் அல்லவா, அந்த வேலையில்தான் கத்தியின் யோக்கியதை தெரியும்.

பட்டைக்கு அடியில் மெல்லிய பசுமைப் படலம் ஒன்று இருக்கிறது. அடிக்கன்றின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் உயிர் ஓடும். மொண்ணைக் கத்தி சீவாது, நார் நாராகக் கிழிக்கும். வெட்டு மேடு பள்ளமானால் நடுவில் காற்றுப் புகுந்து காய்ந்துவிடும். மரம் இலையுதிர்த்து உறங்கும் பருவம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஒட்டுப் பிடிக்காமல் போனால் நஷ்டம் கத்தியின் விலை மட்டுமில்லை, தோட்டத்தின் ஒரு வருஷமும் போய்விடும்.

ஆகவே சில யோசனைகள். ஒட்டுக் கட்டத் தனிக் கத்தி வையுங்கள். அதால் கயிறோ சாக்கோ அறுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகவும், மறுபக்கம் தட்டையாகவும் தீட்டியது நேரான வெட்டுக்கு உதவும். வாங்கியதும் கவாத்து செய்த பேரிக் குச்சிகள் இருபதைச் சீவிப் பாருங்கள். இருபதாவது வெட்டும் முதல் வெட்டு மாதிரி வழவழவென்று இருந்தால் பதம் சரி. பளபளப்பும் பிடியின் அழகும் இதைச் சொல்லாது.

சாதாரண எஃகுக் கத்தி பேரிக் குச்சியின் துவர்ப்பால் கறுக்கும். அது குற்றமில்லை. ஆனால் நம் மலைப் பனிமூட்டத்தில் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். துருப்பிடிக்காத கத்தியும் நன்றாகப் பதம் போட்டதாக இருந்தால் ஒட்டுக்கு ஆகும்.

முக்கியமான எச்சரிக்கை இது. நல்ல கத்தியை நாமே கெடுப்பதும் சூட்டால்தான். மின்சாரச் சாணையில் வைத்து அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். சாதாரண எஃகில் நீலம் வந்தால் சுமார் 300 டிகிரி தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் முனை நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுங்கள். நோய் பரவாமல் இருக்கக் கத்தியைத் தீயில் காட்டுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதுவும் பதத்தை இறக்கிவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

உங்கள் அப்பா காலத்துக் கறுத்த கத்தி இன்னும் வெட்டுகிறதென்றால், யாரோ ஒரு கொல்லர் அதற்குச் சரியான சூடு கொடுத்தார், வீட்டில் யாரும் அதைக் கெடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.