கவிதையும் பரிசும்: 1971ஆம் ஆண்டு காட்டும் உண்மை

பரிசு பெற்ற நூல்களின் பட்டியலைக் கொண்டே ஓர் ஆண்டின் கவிதை வரலாற்றை எழுதிவிடலாம் என்று கருதுவோர் உளர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய, 1971ஆம் ஆண்டு தக்கதோர் உரைகல்லாகும்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடாவுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பெற்றது. அப்போது அவர் பிரான்சில் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றி வந்தார். அமெரிக்காவில் புலிட்சர் பரிசு டபிள்யூ. எஸ். மெர்வினுக்குக் கிடைத்தது. வியட்நாம் போரை வெறுத்த அக்கவிஞர், கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்து நின்றோர்க்குப் பரிசுத் தொகை பயன்படட்டும் என அறிவித்தார். கியூபாவிலோ, 1968இல் எழுத்தாளர் ஒன்றியத்தின் பரிசைப் பெற்றிருந்த எபெர்த்தோ பதில்யா, 1971 மார்ச்சுத் திங்களில் சிறைப்பட்டார். முன்பு பெற்ற பரிசு அவரைக் காக்கவில்லை.

இந்தியாவில் அவ்வாண்டின் ஞானபீட விருது வங்கக் கவிஞர் விஷ்ணு தேவுக்கு உரியதாயிற்று. தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது நா. பார்த்தசாரதியின் 'சமுதாய வீதி' என்னும் நாவலுக்குச் சென்றது. அதற்கு ஈராண்டுகட்கு முன், 1969இல், பாரதிதாசனுக்கு இவ்விருது வழங்கப்பட்டது. ஆயினும் அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. விருது பெற்றதும் 'பிசிராந்தையார்' என்னும் நாடகமே. தமிழகமெங்கும் பாடப்பெற்ற அவர்தம் கவிதைகள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இனி, பட்டியலுக்கு வெளியே நிகழ்ந்ததை நோக்குவோம். புதுக்கவிதையை வளர்த்த சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் 1970இல் நின்றது. மறு ஆண்டு அக்டோபரில் கோவையிலிருந்து 'வானம்பாடி' வெளிவந்தது. அதற்கு விலை குறிக்கப்படவில்லை. புவியரசு, ஞானி, சிற்பி, மேத்தா, தமிழன்பன் முதலியோர் அவ்வியக்கத்தோடு இணைந்து நின்றனர். அவ்வாண்டு எந்தப் பரிசுக் குழுவும் அச்சிற்றிதழைக் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் தமிழன்பன் 2004இலும், மேத்தா 2006இலும், புவியரசு 2009இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். விதைத்த ஆண்டுக்கும் விருது கிட்டிய ஆண்டுக்கும் இடையே முப்பதாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

மலேசியாவிலும் 1971 குறிப்பிடத்தக்க ஆண்டே. பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில் இலக்கியப் படைப்புகளுக்கான அரசுப் பரிசு அவ்வாண்டில்தான் தோன்றியது. அது மலாய்மொழிப் படைப்புகளுக்கு உரியது. தமிழ்க் கவிதை அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆயினும் 1964இலேயே சி. கமலநாதனின் 'கள்ளபார்ட்' என்னும் புதுக்கவிதை 'தமிழ் மலர்' நாளிதழில் வெளிவந்துவிட்டது. இந்நாட்டுக் கவிதையைத் தாங்கி நின்றவை நாளிதழ்களின் ஞாயிறு மலர்களும், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் ஊக்கமுமேயாம். பாகான் நக்கோடா ஓமார் போன்ற கடலோரச் சிற்றூரில் இருந்து எழுதும் ஒருவருக்குப் பரிசுக் குழு தொலைவில் இருந்தது. நாளிதழோ அஞ்சல்தலை ஒன்றின் தொலைவிலேயே இருந்தது.

பரிசு வேண்டாவென்பது இதன் கருத்தன்று. பரிசு ஒரு நூலைப் பலர் கைகளில் சேர்க்கும்; கவிஞனின் வறுமையைச் சிறிது போக்கும். ஆனால், பரிசுப் பட்டியலை மட்டுமே வரலாறாகக் கொள்ளின், 1971ஆம் ஆண்டுத் தமிழ்க் கவிதை என்ற ஒன்றே இல்லை என்றாகிவிடும். அவ்வாறு கற்பிக்கப்படும் மாணவன், தன் ஊரில் கவிதை எழுதுவாரும் இல்லை என்றே நம்புவான்.

ஆகவே, இலக்கிய வரலாறு கற்பிப்போர் விருதுப் பெயர்களோடு அவ்வக்காலச் சிற்றிதழ்களையும் பழைய ஞாயிறு மலர்களையும் மாணவர் கைகளில் தருதல் வேண்டும். அத்தாள்கள் விரைவில் மக்கிப்போகும் தன்மையின. அவை அழியுமுன் தொகுத்துக் காத்தல், நாம் நம் கவிஞர்க்கு அளிக்கத்தக்க பரிசாகும்.