எலிப் பாஷாணமும் டெக்சாஸ் பன்றிகளும்

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் பயந்து ஓட வேண்டாம். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் அரசியல், நிறைய பன்றிகள். அவ்வளவுதான் மேட்டர் :-)

அமெரிக்காவில் பன்றி என்பதே வந்தேறிதான். 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாவில் இறங்கினபோது கையோடு கொஞ்சம் பன்றிகளையும் ஓட்டிக்கிட்டு வந்தார். நடமாடும் சாப்பாட்டு மூட்டை மாதிரி. பன்றி குட்டி போடுற வேகம் நமக்குத் தெரியாததா? 1542-ல் அவர் செத்தபோது மந்தை எழுநூறு ஆகியிருந்ததாம். வழியில் தப்பினது, குடியேறிகள் காட்டில் மேய விட்டது எல்லாம் சேர்ந்து காட்டுக்குள் ஒரு தனி ஜாதியே உருவாகிவிட்டது. இது போதாதுன்னு 1912-ல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் ஒரு பணக்காரர் வேட்டைத் தோட்டம் போட்டு, ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்கினார். 1920களில் அவை வேலியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, ஏற்கெனவே இருந்ததுகளோடு கலந்துவிட்டன.

இன்னிக்கு இந்தக் கலப்புக் கூட்டம் அதிகமா இருப்பது டெக்சாஸில். இருபது லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். ஒரே ராத்திரியில் சோள வயலை ஏர் உழுத மாதிரி புரட்டிப் போட்டுட்டுப் போயிடும். கூண்டு வச்சுப் பார்த்தாச்சு, ஹெலிகாப்டரில் இருந்து சுட்டும் பார்த்தாச்சு. எண்ணிக்கை குறையிற வழியைக் காணோம். கடைசியில் விஷத்தைப் பத்தி யோசிச்சாங்க.

இங்கே கதையைக் கொஞ்சம் பின்னால் ஓட்டணும். 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கப் புல்வெளிகளிலும் மாடுகள் காரணமே இல்லாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினாலே உயிர் போகும், ரத்தம் உறையவே உறையாது. பூசணம் பிடிச்ச இனிப்புக் குளோவர் வைக்கோல்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க. ஆனா வைக்கோலில் இருக்கிற எது என்பது தெரியலை. 1933 பிப்ரவரியில், கொட்டுகிற பனியில், ஒரு விஸ்கான்சின் விவசாயி ஏறக்குறைய முன்னூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கிட்டு மாடிசனுக்கு வந்தார். வண்டியில் செத்த கிடேரி ஒண்ணு, அந்தக் கெட்டுப்போன வைக்கோல், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம். அவர் தட்டின கதவு கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியருடையது. லிங்க்கின் குழு 1939-ல் அந்த வைக்கோலில் இருந்து டைகூமராலைப் பிரிச்சு எடுத்தது. அதோட தம்பி ஒண்ணை 1948-ல் எலி விஷமா கடைக்கு அனுப்பினாங்க. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வச்ச பேர்தான் வார்ஃபாரின்.

1954-ல் இதே எலி விஷம் மனுஷனுக்கு மருந்தாக அனுமதி வாங்கியது. அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கொடுத்தாங்க. இதய வால்வு மாத்தினவங்க வீட்டில் இந்தப் பேர் தெரியாம இருக்காது. அளவுதான் வித்தியாசம்.

எலியைக் கொல்றது பன்றியையும் கொல்லும்தானே? ஆஸ்திரேலியர்கள் 1980களிலேயே நமட்ஜி தேசியப் பூங்காவில் வார்ஃபாரின் வச்சுப் பார்த்தாங்க. பன்றிகள் நல்லாவே குறைஞ்சது. ஆனா எப்படிச் செத்தது என்பதுதான் பிரச்னை. உடனே சாகாது. மூட்டுக்குள்ளும் குடலுக்குள்ளும் ரத்தம் கசிய, நொண்டிக்கிட்டு, பல நாள் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். பயிரை இழந்தவனோட கோபம் எனக்குப் புரியுது. ஆனாலும் இந்தச் சாவை என்னால நியாயப்படுத்த முடியலை.

2017 ஜனவரியில் 'கபுட்' என்ற வார்ஃபாரின் இரைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி தந்தது. 0.005 சதவீதம்தான் மருந்து. சாதாரண எலி இரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. பிப்ரவரியில் டெக்சாஸ் விவசாய ஆணையர் சிட் மில்லர் 'பன்றிகளின் ஊழிக்காலம்' என்கிற ரேஞ்சுக்கு அறிவிச்சார். மனுஷர் அரசியல்வாதியாச்சே!

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? வேட்டைக்காரங்ககிட்ட இருந்து! அங்கே காட்டுப்பன்றி தொல்லை மட்டும் இல்லை, பிழைப்பும்கூட. உயிரோட பிடிச்சு இறைச்சிக் கூடங்களுக்கு விக்கிறாங்க, சுட்டதை வீட்டில் சமைச்சுச் சாப்பிடுறாங்க. ஏழை வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற கறி அது. விஷம் தின்ன பன்றியை அடையாளம் காட்ட இரையில் நீலச் சாயம் சேர்த்திருந்தாங்க, கொழுப்பு நீலமாகிடும். ஆனா அந்த நீலம் தெரியணும்னா முதலில் அறுக்கணுமே! உயிரோட வாங்குறவன் என்ன பண்ணுவான்? இறைச்சிக் கம்பெனி ஒண்ணு கோர்ட்டுக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்கியது. வழக்குகளுக்குப் பயந்து ஏப்ரலில் தயாரிப்பாளரே டெக்சாஸ் பதிவைத் திரும்ப எடுத்துக்கிட்டார். ஊழிக்காலம் ரெண்டே மாசத்தில் முடிஞ்சுது.

மாற்று ஒண்ணு இருந்தது, சோடியம் நைட்ரைட். பேக்கன், ஹாம் பதப்படுத்தச் சேர்க்கிற அதே உப்பு (பன்றிக்கறியைக் கெடாம வைக்கிறதே பன்றியைக் கொல்லுது, என்ன கொடுமை!). அளவு கூடினா ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் போகும். அதைச் சரி பண்ற என்சைம் பன்றி உடம்பில் ரொம்பக் குறைவு. மயங்கி விழுந்து சில மணி நேரத்துக்குள் செத்துடும். வார்ஃபாரினோட ஒப்பிட்டா இது எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. ஆஸ்திரேலியாவில் உருவான இரை இது, 2020-ல் அங்கே அனுமதியும் கிடைச்சது. ஆனா 2018-ல் டெக்சாஸில் சோதனை பண்ணினபோது ஒரு சிக்கல். பன்றிக்குத் தின்னத் தெரியுமே தவிர சிந்தாமல் தின்னத் தெரியாதே! கனமான மூடி போட்ட பெட்டியில்தான் இரை இருந்தது. மூடியைத் தூக்கிட்டு அது மொக்கும்போது வெளியே சிந்தின துணுக்கைக் குருவிகள் கொத்தின. பறவைகள் செத்துக் கிடக்க, சோதனையை நிறுத்த வேண்டியதாச்சு. அப்புறம் அதிகம் சிந்தாத மாதிரி இரையை மாத்திச் செய்யுற வேலையில் இறங்கினாங்க.

அதுக்குள்ள 2024-ல் டெக்சாஸ் மறுபடி கபுட்டுக்கே அனுமதி கொடுத்துடுச்சு. அதே வார்ஃபாரின், அதே நீலச் சாயம், அறிவிச்சது அதே சிட் மில்லர். வேட்டைக்காரங்க 2017-ல் கேட்ட கேள்வியும் அப்படியேதான் இருக்கு.